மென்னீரும் மீன்தொட்டியும்: கண்டிப் பிரதேச வீடுகளில் நீர் மாற்றுதல் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வீட்டு மீன்தொட்டியின் நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, எந்த நீரைக் கொண்டு மாற்றுவது என்பதில் மீன் வளர்ப்போரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகன முதலிய பகுதிகளிலும் நேரெதிரான இரு வழக்கங்கள் அருகருகே நிலவுகின்றன. மாதத்துக்கு ஒருமுறை மீன்களை வாளியில் பிடித்து வைத்து, தொட்டியை முற்றாக வடித்து, கற்களையும் வடிகட்டியையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புவது ஒன்று. நீர் மாற்றினால் மீன் செத்துவிடும் என்ற அச்சத்தினால், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, பழைய நீரையே ஆண்டுக்கணக்கில் பேணுவது மற்றொன்று.

இவ்விரு வழக்கங்களுமே மீனுக்குத் தீங்கானவை என்பதும், மகாவலி ஆற்றின் மென்னீரை, அதாவது கல்சியம் முதலிய உப்புகள் குறைந்த நீரை, பயன்படுத்தும் கண்டியில் அத்தீங்கு வன்னீர்ப் பிரதேசங்களைவிட விரைவாக வெளிப்படும் என்பதும், நீர் மாற்றிய பின் நேரும் இறப்புகளில் பலவற்றுக்குக் காரணம் புதுநீர் அன்று, அதற்கு முன் நேர்ந்த நீண்ட தாமதமே என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படுகின்றன.

பழைய நீர் பற்றிய நம்பிக்கையின் தோற்றம்

தொட்டியின் நீரை மாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் அறிவியல் மதிப்போடு பிறந்தது. இரசாயனவியலாளரான ரொபேட் வாரிங்டன், தங்கமீன்களையும் வலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைத்து, மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைத் தாவரம் உள்ளெடுத்து ஒட்சிசனைத் தருவதாலும், அழுகும் இலைகளை நத்தைகள் தின்றுவிடுவதாலும் நீரை மாற்றாமலே அவ்வுயிர்கள் வாழக்கூடும் என்று 1850இல் இலண்டன் இரசாயனச் சங்கத்துக்கு அறிவித்தார். 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் வெளிவந்ததும் மீன்தொட்டியை வீட்டுப் பொருளாக்கின. அதனோடு 'சமநிலைத் தொட்டி' என்ற கருத்தும் பரவியது.

வாரிங்டனின் கணக்கு வாயுக்களோடு நின்றுவிட்டது. மீனின் கழிவிலுள்ள நைதரசன் எங்கே போகிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அதனைத் தெளிவுபடுத்தியவர்களுள் ஒருவர் அவருடைய மகனும் அதே பெயரைக் கொண்டவருமான விவசாய இரசாயனவியலாளர் ரொபேட் வாரிங்டன் ஆவார். ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அவர், அமோனியா நைத்திரேற்றாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்பதையும் அது இரு படிகளில் நிகழ்கிறது என்பதையும் காட்டினார். தந்தையின் தொட்டியில் நீரை ஏன் மாற்றியிருக்க வேண்டும் என்பதற்கான விடை இவ்வாறு மகனின் ஆய்விலிருந்தே கிடைத்தது எனலாம். ஆயினும் பழைய நம்பிக்கை உடனே மறையவில்லை. நாட்பட்டு மஞ்சளித்த நீரைப் 'பக்குவப்பட்ட நீர்' எனப் போற்றும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. அமெரிக்க மீனியலாளர் ஜேம்ஸ் அட்ஸ் 1949இல் எழுதிய கட்டுரையொன்றில் சமநிலைத் தொட்டி என்பதை வெறும் கட்டுக்கதை என்று மறுத்தார். கண்டியின் வரவேற்பறைகளில் இன்றும் கேட்கும் 'பழைய தண்ணீர்தான் மீனுக்கு நல்லது' என்ற பேச்சு, அந்தக் கட்டுக்கதை இன்னும் வழக்கொழியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

தொட்டியினுள் நிகழும் மாற்றங்கள்

மீன் உண்ணும் புரதத்திலுள்ள நைதரசனின் பெரும்பகுதி அமோனியாவாகி, முக்கியமாகச் செவுள்கள் வழியே நீரில் கலக்கிறது. எஞ்சிய உணவும் மலமும் அழுகும்போதும் அமோனியாவே உண்டாகிறது. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று, செவுளை எளிதில் ஊடுருவும் நச்சான சுயாதீன அமோனியா; மற்றொன்று, ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்த அமோனியம் அயன். இவ்விரண்டின் விகிதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீரின் பீ.எச். பெறுமானம், அதாவது நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும், 7ஐ நடுநிலையாகக் கொண்ட அளவு ஆகும். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பீ.எச். 6 ஆயின் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.06 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும்; 7 ஆயின் 0.6 சதவீதமும், 8 ஆயின் 5 சதவீதத்துக்குச் சற்று மேலும் அவ்வடிவில் இருக்கும். பீ.எச். ஓர் அலகு உயரும்போது நச்சின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது என்ற இவ்வுண்மை பின்னர் வரும் வாதத்துக்கு அடிப்படையாகும்.

நிலைபெற்ற தொட்டியில் அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்று மீனின் குருதியிலுள்ள ஈமோகுளோபினைக் கெடுத்து, நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும் நிலையை உண்டாக்கும். நைத்திரேற்று அவற்றைவிடப் பன்மடங்கு தீங்கு குறைந்தது. இவ்வேலையைச் செய்யும் உயிர்கள் எவை என்பதில் அறிவு அண்மைக்காலம்வரை திருந்திக்கொண்டே வந்துள்ளது. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது, நெடுங்காலம் நம்பப்பட்ட நைத்திரோபக்டர் அன்று, நைத்திரோஸ்பைரா இனமே என்பது 1990களின் பிற்பகுதியிலும், முதற்படியில் ஆர்க்கியா என்னும் தனி நுண்ணுயிர்க் குழுவின் பங்கு பெரிது என்பது 2011இலும், இரு படிகளையும் தனியொரு நுண்ணுயிரே செய்யக்கூடும் என்பது 2015இலும் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தன. மீன் வளர்ப்போர் இவற்றில் முக்கியமாகக் கருத வேண்டியது ஒன்றே: இந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல, கல், மணல், கண்ணாடி, வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றின்மேல் மென்படலமாக ஒட்டி வாழ்பவை. எனவே நீரை மாற்றுவதால் அவை குறைவதில்லை, கற்களையும் பஞ்சையும் குளோரீன் கலந்த குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால்தான் அழிகின்றன. முற்றாகக் கழுவப்பட்ட தொட்டி புதுத் தொட்டியின் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. படலம் மீண்டும் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லக்கூடுமாதலால், மாதந்தோறும் கழுவப்படும் தொட்டியின் மீன்கள் ஆண்டு முழுவதும் அமோனியாவிலேயே வாழ நேர்கிறது.

நுண்ணுயிர்களின் வேலைக்குப் பின் தொட்டியில் எஞ்சுவது நைத்திரேற்று. நீர்வாழ் விலங்குகளில் அதன் நச்சுத்தன்மை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஒரு மீளாய்வு, லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன், அதாவது ஏறத்தாழ 44 மில்லிகிராம் நைத்திரேற்று, நீண்டகாலப் போக்கில் உணர்திறன் மிக்க நன்னீர் உயிர்களைப் பாதிக்கக்கூடும் என்று சுட்டியது. மீன் வளர்ப்போர் 40 மில்லிகிராமை மேல் எல்லையாகக் கொள்ளும் வழக்கம் இதனோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

தேங்கிய நீரில் கழிவு சேர்வதன் விளைவைக் கண்டி மக்கள் நகரின் நடுவிலேயே பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த கண்டி வாவியில், சூழவுள்ள நகரப் பகுதிகளிலிருந்து போசணைப் பொருட்கள் சேர்ந்துவந்த நிலையில், 1999 மே மாதத்தில் மைக்ரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நீரின் மேற்பரப்பைப் பச்சைக் குழம்பாக மூடியது. மீன்தொட்டியில் பாசி படர்வதும், தரையில் கரும்படிவு சேர்வதும் இதே காரணத்தின் சிற்றுருவங்கள். வாவிக்காவது மழைக்காலத்தில் மிகைநீர் வழிந்தோட மெத எல ஓடை இருக்கிறது. தொட்டிக்கு மனிதன் எடுத்து ஊற்றுவதைத் தவிர வேறு போக்கு இல்லை.

மென்னீரின் தனிச் சிக்கல்

நைத்திரேற்றைவிட முன்னதாகவே கண்டித் தொட்டியைத் தாக்கும் வேறொரு குறை உண்டு. நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று, நுண்ணுயிர்களின் செயலால் விளையும் அமிலத்தை ஏற்று, பீ.எச். பெறுமானம் சரியாமல் தாங்குகிறது; இங்கு தாங்கற்சக்தி எனப்படும் இக்குணம் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று அளக்கப்படுகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாகும்போது ஏறத்தாழ 7 மில்லிகிராம் தாங்கற்சக்தி செலவாகிறது. மத்திய மலைநாட்டின் பெரும்பகுதி சார்னொக்கைற்று, நைஸ் போன்ற, நீரில் எளிதில் கரையாத பழம்பாறைகளால் ஆனது. அவற்றின்மீது பெய்யும் மழையைச் சேர்த்துக்கொண்டு வரும் மேல் மகாவலியின் நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் குறைவு.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவுபடுத்தலாம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட சாதாரணத் தொட்டியில், கற்களின் இடம் போக ஏறக்குறைய 50 லீற்றர் நீர் இருக்கும். அதிலுள்ள மீன்களுக்கு 40 சதவீதப் புரதமுள்ள உணவு நாளொன்றுக்கு அரைக் கிராம் இடப்படுகிறது என்றும், உணவிலுள்ள நைதரசனில் மூன்றில் இரண்டு பங்கு அமோனியாவாக வெளியேறுகிறது என்றும், நீரின் தாங்கற்சக்தி 30 மில்லிகிராம் என்றும் கொள்வோமாயின், நாளொன்றுக்கு நைத்திரேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 1.9 மில்லிகிராம் கூடும், தாங்கற்சக்தி 3 மில்லிகிராம் குறையும். பத்து நாட்களில் நைத்திரேற்று 19 மில்லிகிராமைத்தான் எட்டியிருக்கும், தாங்கற்சக்தியோ தீர்ந்துபோயிருக்கும். நைத்திரேற்றை மட்டும் அளந்து பார்ப்பவர் தொட்டி நலமாக இருப்பதாகவே எண்ணுவார்.

தாங்கற்சக்தி தீர்ந்தபின் பீ.எச். 6க்கும் கீழே சரியலாம். அந்த அமிலநீரில் நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்து போவதால் அமோனியா மீண்டும் சேர்கிறது. ஆயினும் அது தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் இருப்பதால் மீன்கள் மந்தமாகவேனும் உயிரோடிருக்கின்றன. இந்நிலையில் ஒருநாள் வீட்டார் தொட்டியின் பாதி நீரை அகற்றி, காரத்தன்மையுள்ள கிணற்றுநீரை ஊற்றினால் நிகழ்வதைப் பார்க்கலாம். மொத்த அமோனியா லீற்றருக்கு 5 மில்லிகிராம் இருந்த தொட்டியில், பீ.எச். 6இல் நச்சு வடிவம் 0.003 மில்லிகிராமே. பாதி நீர் மாறியபின் மொத்தம் 2.5 மில்லிகிராமாகக் குறைந்தாலும், பீ.எச். 8க்கு உயர்ந்துவிடின் நச்சு வடிவம் 0.13 மில்லிகிராமைத் தாண்டுகிறது. நீண்டகாலத்தில் 0.02 மில்லிகிராமே செவுள்களைப் பாதிக்கத் தொடங்கும் என்று கருதப்படுகையில், இது சில மணித்தியாலங்களில் மீன்களை மேற்பரப்புக்கு வந்து வாய்திறந்து திணறச் செய்யக்கூடும். 'தண்ணீர் மாற்றினேன், மீன் செத்தது' என்ற கூற்றின் பின்னணி பெரும்பாலும் இதுவே. கண்ணுக்குத் தெரிந்தது கடைசி வாளி, கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது அதற்கு முந்திய மாதங்களின் சீர்கேடு.

கண்டியில் கிடைக்கும் நீர்வகைகள்

குழாய்நீர் முதலாவது வகை. கண்டி மாநகர சபை மகாவலி நீரைக் கெட்டம்பேயில் சுத்திகரித்து வழங்குகிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து பரந்த பிரதேசத்துக்கு நீர் தருகிறது. இந்நீர் மென்மையானது, நோய்க்கிருமிகளை அழிக்கும் பொருட்டுக் குளோரீன் சேர்க்கப்பட்டது. இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம் எஞ்சிய குளோரீனுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராமை உச்ச எல்லையாக வைத்துள்ளது. மனிதருக்குப் பாதுகாப்பான அந்த அளவில் பத்தில் ஒரு பங்கே மீனின் செவுளை எரித்துவிடக்கூடியது. பருவமழையில் மகாவலி செந்நிறமாகக் கலங்கி ஓடும் நாட்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இரசாயனங்களைக் கூட்ட நேரிடுவதால், அந்நாட்களில் குழாயைத் திறந்ததும் குளோரீன் மணம் எழுவதுண்டு. அத்தகைய நாளில் நீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கிணற்றுநீர் இடத்துக்கு இடம் வேறுபடும். திகன, மாத்தளைப் பக்கங்களில் தொலமைற்று கலந்த பளிங்குப் பாறைப் பட்டைகள் ஓடுவதால் அங்குள்ள கிணறுகள் வன்னீரைத் தரக்கூடும். நைஸ் பாறை நிலத்தில் தோண்டிய கிணற்றுநீர் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும். எவ்வகையாயினும், நிலத்தடியிலிருந்து புதிதாக இறைத்த நீரில் காபனீரொட்சைட்டு மிகுந்தும் ஒட்சிசன் குறைந்தும் இருக்கலாமாதலால் அதனைக் காற்றோட்டம் கொடுத்த பின்னரே ஊற்ற வேண்டும். கழிவுக்குழிக்கு அண்மையிலுள்ள கிணற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே இருக்கவும் கூடும். விவசாய உரத்தால் நைத்திரேற்று மிகுந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலக் கிணறுகள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அத்தகைய நீரால் எவ்வளவு மாற்றினாலும் தொட்டியின் நைத்திரேற்று அந்நீரின் அளவுக்குக் கீழே இறங்காது.

தோட்டப்புறங்களில் மலையிடுக்கிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குளோரீன் அற்றதும் குளிர்ந்ததும் ஆகும். ஆனால் மேட்டிலுள்ள தேயிலை மலையில் களைகொல்லியோ உரமோ தெளிக்கப்பட்ட நாட்களில் அதனைத் தவிர்க்க வேண்டும். கூரையில் சேர்க்கும் மழைநீர் யாவற்றிலும் மென்மையானது, தாங்கற்சக்தி ஏறத்தாழ அற்றது. நாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து அது கரைத்துவரும் நாகம், மென்னீரிலேயே மீனுக்கு அதிகத் தீங்கு செய்யும். எனவே மழைநீரைத் தனியாகப் பயன்படுத்துவது ஏற்றதன்று.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஒவ்வொரு வாரமும் ஒரே பங்கு நீர் மாற்றப்பட்டால், நைத்திரேற்று காலப்போக்கில் ஓர் உச்சத்தில் நிலைகொள்ளும். வாரத்தில் கூடும் அளவை மாற்றப்படும் பங்கால் வகுத்தால் அவ்வுச்சம் கிடைக்கும். மேற்கூறிய தொட்டியில் வாரத்துக்கு 13 மில்லிகிராம் கூடுகிறது. பத்தில் ஒரு பங்கு மாற்றினால் உச்சம் 130 மில்லிகிராமையும், கால்பங்கு மாற்றினால் 52ஐயும், பாதி மாற்றினால் 26ஐயும் அடையும். ஆவியான நீருக்குப் பதிலாக ஊற்றுவது இக்கணக்கில் மாற்றமே ஆகாது, ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகளும் கழிவுகளும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஒரே நாளில் பாதியை மாற்றுவதற்குப் பதிலாக இருமுறை கால்பங்கு மாற்றினால், 50க்குப் பதிலாக ஏறத்தாழ 44 சதவீதம் அகற்றப்படுகிறது. சிறிது திறன் குறைந்தாலும் மீனுக்கு அதிர்ச்சி குறைவு.

தாங்கற்சக்தியின் கணக்கு இதனைவிடக் கடுமையானது. அதே தொட்டியில் வாரத்துக்கு 21 மில்லிகிராம் தாங்கற்சக்தி செலவாகையில், 30 மில்லிகிராம் கொண்ட நீரால் வாரந்தோறும் பாதியை மாற்றினாலும் அது நிலைத்து நிற்காது. உணவைப் பாதியாகக் குறைத்தால் அதே பாதிமாற்றத்தில் வார இறுதியிலும் 9 மில்லிகிராமளவு எஞ்சும். ஆகவே மென்னீர்ப் பிரதேசத்தில் நீர் மாற்றத்தோடு மேலும் இரண்டு தேவைப்படுகின்றன: மீன்களின் தொகையையும் உணவையும் அடக்கி வைப்பது ஒன்று, நீருக்குத் தாங்கற்சக்தி ஊட்டுவது மற்றது. சுண்ணக்கல் துண்டுகளையோ நன்கு கழுவிய சிப்பி ஓடுகளையோ ஒரு சிறு வலைப்பையில் இட்டு வடிகட்டியருகே வைத்தால், நீர் அமிலமாகுந்தோறும் அவை மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். சமையலறை அப்பச்சோடா ஒரு கிராமை 20 லீற்றர் புதுநீரில் கரைத்தால் தாங்கற்சக்தி ஏறத்தாழ 30 மில்லிகிராம் உயரும். அதனைப் புதுநீரிலேயே கலக்க வேண்டும், மீனுள்ள தொட்டியில் நேரே தூவலாகாது.

பல மாதங்கள் நீர் மாற்றப்படாத தொட்டிக்கு இவ்வளவுகள் பொருந்தா. அங்கு முதலில் பத்தில் ஒரு பங்கை இரு நாட்களுக்கு ஒருமுறை என மாற்றி, இரண்டு மூன்று வாரங்களில் வழக்கமான அளவுக்கு ஏறிச்செல்வதே பாதுகாப்பான முறை.

புதுநீரைப் பதப்படுத்தல்

குளோரீனை அகற்ற இரு வழிகள் உள்ளன. அகன்ற வாய்ப் பாத்திரத்தில் 24 மணித்தியாலம் வைத்தால், அதிலும் காற்றுக்குமிழி விட்டால், அது பெரும்பாலும் வெளியேறிவிடும். உடனே தேவைப்படுவோர் மீன்கடைகளில் 'அன்ரி குளோரின்' என விற்கப்படும் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்குகளைப் பயன்படுத்தலாம். ஒரு மில்லிகிராம் குளோரீனுக்கு 7 மில்லிகிராம் என்ற கணக்கில், எல்லை அளவு குளோரீனுள்ள 10 லீற்றர் வாளிக்கு 70 மில்லிகிராம், அதாவது சில சிறு பளிங்குகள் போதும். கண்டி டெங்கு அபாயம் உள்ள மாவட்டமாதலால், நாட்கணக்கில் வைக்கும் நீர்ப்பாத்திரங்களைத் துணியாலோ வலையாலோ மூடி வைப்பதும், வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும் கட்டாயமாகும்.

வெப்பநிலையும் கருதத்தக்கது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் மார்கழி, தை மாத இரவுகள் குளிர்ந்தவை. விடியற்காலையில் வாளிநீர் 20 பாகையளவிலும் தொட்டிநீர் 26 பாகையிலும் இருப்பின், கால்பங்கு மாற்றத்தால் தொட்டி ஒன்றரைப் பாகையும், பாதிமாற்றத்தால் மூன்று பாகையும் குளிரும். திடீர்க் குளிர்ச்சியால் தளரும் மீன்களில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகளோடு தோன்றும் ஒட்டுண்ணி நோய் பரவுவது வழக்கம். ஆகவே குளிர்மாதங்களில் நண்பகலுக்குப் பின் நீர் மாற்றுவதும், வெப்பநிலை வேறுபாட்டை இரு பாகைக்குள் அடக்குவதும் நன்று. மாறாக, வெயிலில் கூரைமேலுள்ள கரிய பிளாஸ்ரிக் தாங்கியின் நீர் பிற்பகலில் சூடேறியிருக்குமாதலால் அதனையும் கையால் தொட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும்.

செய்முறை

நீரை மேலிருந்து மொண்டு ஊற்றுவதைவிட, ஒளிபுகும் குழாய் ஒன்றினால் தரையிலிருந்து உறிஞ்சி வடிப்பதே சிறந்தது; குழாயின் வாயைக் கற்களிடையே ஊன்றி ஊன்றி எடுத்தால், கழிவு கபில நிறப் புகைபோல மேலெழுந்து குழாயினூடே செல்வதைக் காணலாம். ஒருமுறைக்குத் தரையின் மூன்றிலொரு பகுதியை மட்டும் இவ்வாறு சுத்தம் செய்தால் நுண்ணுயிர்ப் படலம் காக்கப்படும். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இருமுறை பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். பஞ்சு கழுவும் வாரத்தில் தரையைக் கிளறலாகாது. மீன்களைப் பிடித்து வெளியே வைக்க வேண்டிய தேவை இல்லை; பிடிக்கும்போது அவற்றின் வழுவழுப்பான மேற்பூச்சு உரிந்து நோய்க்கு வழியாகிறது. மின்சாரத்தில் இயங்கும் வடிகட்டியையும் சூடேற்றியையும் நிறுத்திய பின்னரே கையை நீரில் இட வேண்டும். புதுநீரை ஒரு தட்டின்மேல் விழுமாறு மெல்ல ஊற்றினால் மணல் கலங்காது.

மீனினங்களும் உள்ளூர் நீரும்

எல்லா மீனுக்கும் ஒரே நீர் பொருந்துவதில்லை. கப்பி, மொலி போன்றவை வன்மையும் சற்றுக் காரத்தன்மையும் கொண்ட நீரை விரும்புவன. யாழ்ப்பாணக் கிணற்றுநீரில் செழிக்கும் அவை கண்டிக் குழாய்நீரில் நலிவுறின், குறை நீரின் தூய்மையில் அன்று, அதன் மென்மையில் உள்ளது. தங்கமீன் குளிரைத் தாங்குமாயினும் உடற்பருமனுக்கேற்ப மிகுந்த கழிவு விடுவதால் பெரிய தொட்டியும் அதிக நீர்மாற்றமும் வேண்டும். டிஸ்கஸ் மீனுக்கு 28 பாகைக்குக் குறையாத வெப்பம் தேவை.

மறுபுறம், இலங்கைக்கே உரிய ஈரவலய ஓடைமீன்களான லே தித்தெயா எனப்படும் செர்ரி பார்ப், புலத் ஹபயா எனப்படும் பிளக் ரூபி பார்ப் ஆகியவை நிழல் படிந்த மென்னீர் ஓடைகளில் பரிணமித்தவையாதலால் கண்டி நீருக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. இவற்றை ஓடைகளில் பிடிக்காமல், தொட்டியில் இனம் பெருக்கப்பட்டவற்றையே பெற வேண்டும்.

வெளியேறும் நீர்

தொட்டியிலிருந்து எடுக்கும் நீரிலுள்ள நைத்திரேற்றும் பொசுபேற்றும் செடிகளுக்கு உரமாவதால், அதனை முற்றத்து அந்தூரியத்துக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவது இருவகையில் பயன்தரும். உப்போ மருந்தோ சேர்க்கப்பட்ட நீரை மட்டும் தவிர்க்க வேண்டும். வறண்ட மாசி, பங்குனி மாதங்களில் நீர் தட்டுப்படும்போது இவ்வழக்கம் நீர்மாற்றத்தை வீண்செலவு என்ற பழியிலிருந்தும் காக்கிறது. ஆனால் வேண்டாத மீனையோ நீர்த்தாவரத்தையோ ஓடையிலும் வாவியிலும் விடுவது எக்காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அலிகேட்டர் கார் என்னும் வேட்டைமீன் கண்டி வாவியில் காணப்பட்டதும், 'டாங்க் கிளீனர்' என விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளிறு இலங்கையின் நீர்நிலைகளில் பெருகியிருப்பதும் அலங்கார மீன்வளர்ப்பின் விளைவுகளாகவே கருதப்படுகின்றன. வாவியின் மிகைநீர் மெத எல வழியே கெட்டம்பேயருகில் மகாவலியை அடைவதால், வாவியில் விடப்பட்ட மீன் வாவியோடு நிற்பதில்லை.

முடிவுரை

நீர் மாற்றுதல் தொட்டியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் கழுவுதல் அன்று. தொட்டியில் சேர்வதற்கும் அதிலிருந்து அகற்றப்படுவதற்கும் இடையே கணக்கை நேர்செய்யும் ஒழுங்கான பராமரிப்பு. கண்டியின் மென்னீரில் அவ்வொழுங்கு தவறினால் முதலில் தீர்ந்துபோவது நீரின் தாங்கற்சக்தி. மீன் இறப்பது அதற்குப் பின்னரே, பெரும்பாலும் புதுநீர் ஊற்றிய அன்றே. இரண்டடித் தொட்டி வைத்திருக்கும் வீட்டார், குளோரீன் நீக்கிய, வெப்பநிலை ஒத்த நீரால் வாரந்தோறும் கால்பங்கும், மீன்கள் மிகுதியாயின் பாதியும் மாற்றி, ஒரு பை சுண்ணக்கல்லோ சிப்பி ஓடோ இட்டு, உணவை அளந்து போடுவார்களாயின், தொட்டியை முற்றாகக் கழுவ வேண்டிய நாள் வரவே வராது. நீண்டகாலம் மாற்றாதிருந்தவர்கள் இன்றே தொடங்கலாம். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.